புது நிலமும் அடிமை முறையும்: அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய பிளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமை முறைதான் காரணம் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அடிமை முறை அங்கே இருநூறு ஆண்டுகளாக இருந்ததே, சண்டை ஏன் 1861-ல் வெடித்தது என்று கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. வரலாறு படிக்கும் மாணவர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

வடக்கு, தெற்கு என்கிறார்களே, கோடு எங்கே போகிறது?

கிழக்கே பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே உள்ள எல்லை. அதை மேசன்-டிக்சன் கோடு என்பார்கள். அதற்கு மேற்கே ஓஹையோ ஆறு. வடக்கே இருந்த மாநிலங்கள் சுதந்திரப் போர்க் காலம் தொடங்கி ஒவ்வொன்றாக அடிமை முறையைக் கைவிட்டன. நியூயார்க், நியூ ஜெர்சி போன்றவை அதைப் பல ஆண்டுகள் இழுத்தடித்துச் செய்தன. தெற்கே வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா எல்லாம் வைத்துக்கொண்டன.

இந்த எல்லை மிசிசிப்பி ஆற்றோடு நின்றுவிடுகிறது. ஆற்றுக்கு மேற்கே அது எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் 1819-லிருந்து சண்டை.

பிரதேசம், மாநிலம் என்று மாற்றி மாற்றி வருகிறதே, இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. புதிதாகக் கைக்கு வந்த நிலம் முதலில் பிரதேசமாக இருக்கும். அதை நிர்வகிப்பது வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ், அதாவது பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம். மக்கள்தொகை போதுமான அளவு வந்ததும் அங்குள்ளவர்கள் ஓர் அரசியல் சட்டம் எழுதி, மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்பார்கள். காங்கிரஸ் ஒப்புக்கொண்டால் மாநிலம்.

ஏற்கெனவே இருக்கும் மாநிலத்துக்குள் அடிமை முறையைக் காங்கிரஸ் தொட முடியாது என்பதை அன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்றார்கள். பிரதேசத்தில் தொடலாமா? அங்கேதான் மோதல். நாடு விரியாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்திருக்காது.

நாடு உருவானபோதே ஒழித்திருக்கலாமே?

1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. ஆனால் விஷயம் மூன்று இடத்தில் இருக்கிறது. பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிட அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்திலிருந்து தப்பியவரை வேறு மாநிலத்தில் பிடித்தால் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது. ஓட்டுரிமை இல்லாத மனிதர்களைக் காட்டி அவர்களுடைய எஜமானர்களுக்குக் கூடுதல் இடம் தந்த ஏற்பாடு இது.

அதே 1787-ல், ஓஹையோ ஆற்றுக்கு வடமேற்கே உள்ள பிரதேசத்தில் அடிமை முறை கூடாது என்றும் சட்டம் வந்தது. இது தானாகவே தேய்ந்து போய்விடும் என்று அன்று பல தலைவர்கள் நம்பினார்கள். 1790 கணக்கெடுப்பில் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம்.

தேயும் என்று நினைத்தது எப்படி இப்படி வளர்ந்தது? பருத்திதான் காரணமா?

பெரும்பங்கு பருத்திதான். தெற்கின் உள்நாட்டில் விளையும் பருத்தியில் கொட்டையைப் பஞ்சிலிருந்து பிரிப்பது மிக மெதுவான கைவேலை. 1793-ல் எலி விட்னி உருவாக்கிய ஜின் இயந்திரம் அந்தத் தடையை நீக்கியது. இங்கிலாந்தின் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கத் தயாராக இருந்தன. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, அப்புறம் டெக்சாஸ் என்று பருத்தி மேற்கே நகர்ந்தது. 1860 வாக்கில் அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி.

1808-ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அப்படியானால் புது வயல்களுக்கு வேலையாட்கள் எங்கிருந்து? வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து. 1790-க்கும் 1860-க்கும் இடையே ஏறத்தாழ 10 லட்சம் பேர் இப்படித் தெற்கேயும் மேற்கேயும் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் விற்கப்பட்டவர்கள். சங்கிலியில் பிணைத்து நடத்தியும் கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு ஏற்றியும் அனுப்பினார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வர்ஜீனியாவில் பருத்தி பெரிதாக விளையவில்லை. ஆனாலும் பருத்தி நிலம் விரிய விரிய, அங்கே இருந்த அடிமைகளின் சந்தை விலை ஏறியது. புது நிலத்தின் கதவை மூடினால் பழைய மாநிலத்தின் சொத்து மதிப்பும் விழும். மேற்கே ஒருநாளும் போகாத பண்ணையாரும் மேற்கின் பிரதேசங்களுக்காகக் கொதித்தது இதனால்தான்.

அந்த நிலமெல்லாம் காலியாகவா கிடந்தது?

இல்லவே இல்லை. அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா நிலங்களில் செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்காசா மக்கள் வாழ்ந்தார்கள். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், 1830-ல் வந்த சட்டம் அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே தள்ள வழி செய்தது. 1838-ல் செரோக்கிகளைப் படையை வைத்து வெளியேற்றியபோது ஆயிரக்கணக்கானோர் முகாம்களிலும் வழியிலும் இறந்தார்கள். காலியான நிலம் பருத்திக்குப் போனது. அந்த இனங்களிலும் வசதியானவர்கள் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டே போனார்கள்.

மிசௌரி, மிசௌரி என்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது?

1803-ல் நெப்போலியனிடமிருந்து லூசியானா என்ற பெரும் பரப்பை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. நெப்போலியன் அதை விற்க ஒரு முக்கியக் காரணம் ஹைத்தி. அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் கிளர்ந்தெழுந்து அவருடைய படையை முறியடித்ததால், அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு அமைக்கும் திட்டமே அவருக்கு வீணாயிற்று. அடிமைகளின் வெற்றியால் கைமாறிய நிலத்தில் அடிமை முறை பரவியது. இந்தக் கதை முழுவதிலும் என்னை அதிகம் வருத்தும் திருப்பம் இது.

அந்த நிலத்திலிருந்து மிசௌரி 1819-ல் மாநிலமாகச் சேரக் கேட்டது. நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, அங்கே இனிமேல் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை. பிரதிநிதிகள் சபையில் வென்றது, செனட்டில் தோற்றது. ஓட்டுகள் கட்சிவாரியாக விழாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து விழுந்தன.

1820-ல் சமரசம் வந்தது. மிசௌரி அடிமை மாநிலம். மாசசூசெட்ஸிலிருந்து பிரிந்த மெய்ன் சுதந்திர மாநிலம், அதாவது அடிமை முறை இல்லாத மாநிலம். லூசியானா நிலத்தின் மீதியில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கிடையாது. முன்னாள் ஜனாதிபதியான வயதான ஜெஃபர்சன் அப்போது ஒரு கடிதத்தில், இந்தக் கேள்வி நள்ளிரவில் அடிக்கும் தீ மணிபோல் தன்னைத் திகிலடைய வைத்தது என்று எழுதினார். அவரே நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்.

செனட்டில் சமமாக இருப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

பிரதிநிதிகள் சபையில் இடம் மக்கள்தொகைப்படி. குடியேறிகள் வந்து குவிந்த வடக்கு அங்கே முந்திக்கொண்டே போனது. ஐந்தில் மூன்று கணக்கு இருந்தும் தெற்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. செனட்டில் மட்டும் சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ இரண்டு பேர். அதனால் தெற்கின் கவசம் செனட்தான்.

ஆர்கன்சாவுக்கு மிச்சிகன், புளோரிடாவுக்கு அயோவா, டெக்சாஸுக்கு விஸ்கான்சின் என்று ஜோடி போட்டுச் சேர்த்தார்கள். 1848-ல் 15-க்கு 15. அதன் பிறகு வந்த கலிபோர்னியா, மின்னசோட்டா, ஆரிகன் மூன்றும் சுதந்திர மாநிலங்கள். கவசம் போய்விட்டது.

மெக்சிகோவோடு போட்ட சண்டை எப்படி உள்நாட்டுச் சண்டை ஆனது?

மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்துவிட்டது. அதன் டெக்சாஸில் குடியேறிய அமெரிக்கர்கள் அடிமைகளோடு வந்தவர்கள். 1836-ல் டெக்சாஸ் தனி நாடானது. உடனே சேர்த்துக்கொண்டால் மிசௌரிச் சண்டை மறுபடி கிளம்பும் என்று வாஷிங்டன் ஒன்பது ஆண்டுகள் தயங்கி 1845-ல்தான் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஜனாதிபதி போல்க் காலத்தில் மெக்சிகோவோடு போர்.

போர் தொடங்கிய மூன்றே மாதத்தில், 1846 ஆகஸ்டில், பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட் ஒரு நிபந்தனை வைத்தார்: மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமை முறை கூடவே கூடாது. வில்மட் போல்க்கின் சொந்தக் கட்சிக்காரர். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் 1848-ல் ஒப்பந்தப்படி கைக்கு வந்தபோது, அங்கே எந்தச் சட்டம் என்பதற்கு விடை இல்லை. 36-30 கோடு லூசியானா நிலத்துக்கு மட்டும்தானே. மெக்சிகோவின் கீழ் அடிமை இல்லாத மண்ணில், அமெரிக்கக் கொடி ஏறியதால் அடிமை முறை வருமா என்று கேட்க வேண்டிய நிலை.

1850 சமரசத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

கென்டக்கியின் செனட்டர் ஹென்ரி கிளே எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுவந்தபோது அது தோற்றது. இலினாயின் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதைத் தனித்தனி மசோதாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்களைச் சேர்த்து நிறைவேற்றினார். இரு பக்கமும் முழுவதையும் விரும்பி ஓட்டுப் போட்டவர்கள் மிகச் சிலர்.

கலிபோர்னியா சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது. யூட்டா, நியூ மெக்சிகோ பிரதேசங்களில் அங்குள்ளவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தலைநகர் வாஷிங்டனில் அடிமை வியாபாரம் தடையானது, அடிமை முறை தொடர்ந்தது. தெற்குக்குக் கிடைத்தது, தப்பியோடியவர்களைப் பிடிக்கும் கடுமையான புதுச் சட்டம்.

தப்பியோடியவர்களைப் பிடிக்கும் சட்டம் ஏற்கெனவே இருந்ததுதானே? புதுசாக என்ன?

முன்பே இருந்தது உண்மை. 1850 சட்டம் அதற்குப் பல் வைத்தது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் உரிமை இல்லை. முடிவெடுக்கும் கமிஷனருக்கு, 'அடிமைதான்' என்று அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதரையும் பிடிக்க உதவச் சொல்லலாம். தப்ப உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பல ஆண்டுகளாக வடக்கே குடும்பம் குழந்தையோடு வாழ்ந்தவர்களும் கனடாவுக்கு ஓடினார்கள்.

வர்ஜீனியாவிலிருந்து தப்பிய ஆண்டனி பர்ன்ஸ் 1854 மே மாதம் பாஸ்டனில் பிடிபட்டார். அவரை மீட்க நீதிமன்றக் கட்டடத்தையே ஒரு கூட்டம் தாக்கியது. கடைசியில் படைவீரர்கள் இருபுறமும் நிற்க, கறுப்புத் துணி தொங்கவிட்ட தெருக்கள் வழியே அவரைக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு ஆதரவாளர்கள் பணம் திரட்டி அவரை விடுவித்தார்கள். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஓஹையோ ஆற்றைக் கடந்த மார்கரெட் கார்னர் என்ற தாய், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் தன் சின்ன மகளைத் தானே கொன்றார். மறுபடி அந்த வாழ்க்கைக்கு அனுப்ப அவருக்கு மனம் இல்லை.

தலைவர்கள் எழுதிய சமரசங்களை மட்டும் வரிசையாகப் படித்தால், இதெல்லாம் காங்கிரஸ் அறைக்குள் நடந்த பேரம்போலத் தெரியும். ஓடியவர்கள்தான் அதை வடக்கின் வாசல் வரை கொண்டுவந்தார்கள். அவர்கள் ஓடாமல் இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கே வேலை இல்லை.

கன்சாஸில் ரத்தம் சிந்தும் அளவுக்கு என்ன ஆயிற்று?

டக்ளஸுக்கு மேற்குப் பிரதேசங்களைச் சீக்கிரம் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. சிகாகோவிலிருந்து பசிபிக் வரை ரயில் போக வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. தெற்கின் செனட்டர்கள் விலை கேட்டார்கள்: 36-30 தடையை நீக்கு. 1854 மே 30-ல், பாஸ்டனில் பர்ன்ஸ் காவலில் இருந்த அதே வாரத்தில், கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. 34 ஆண்டுகள் நின்ற கோடு அழிந்தது. அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

யார் குடியேறி என்று யார் சொல்வது? 1855 மார்ச் தேர்தலில் கன்சாஸில் தகுதியுள்ள வாக்காளர்கள் சுமார் 2,900 பேர். விழுந்த ஓட்டுகள் 6,300-க்கு மேல். மிசௌரியிலிருந்து ஆயுதத்தோடு வந்து போட்ட ஓட்டுகள். ஒரே பிரதேசத்தில் இரண்டு போட்டி அரசுகள் உருவாயின. 1856 மே 21-ல் அடிமை ஆதரவுக் கூட்டம் லாரன்ஸ் ஊரைச் சூறையாடியது. மறுநாள் செனட் மண்டபத்திலேயே, தெற்கு கரோலினாவின் பிரெஸ்டன் புரூக்ஸ், அடிமை முறையைக் கடுமையாகச் சாடிப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைக் கைத்தடியால் ரத்தம் வழிய அடித்தார். இரண்டு நாள் கழித்து, 24-ஆம் தேதி இரவு, அடிமை முறையை ஆயுதத்தால் எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் அடிமை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள்.

இதில், ஜனநாயகக் கட்சிக்கு எதிர்க்கட்சியாக இருந்த விக் கட்சி உடைந்தது. பிரதேசங்களில் அடிமை முறை பரவக் கூடாது என்ற ஒரே புள்ளியில் குடியரசுக் கட்சி பிறந்தது.

ட்ரெட் ஸ்காட் வழக்கு ஒரு தனி மனிதரின் வழக்குதானே? நாடே ஏன் அதிர்ந்தது?

ட்ரெட் ஸ்காட்டை அவருடைய எஜமானரான ராணுவ மருத்துவர், சுதந்திர மாநிலமான இலினாய்க்கும், 36-30 கோட்டுக்கு வடக்கே இன்றைய மின்னசோட்டாவில் இருந்த கோட்டைக்கும் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் நாங்கள் சுதந்திரர்கள் என்று அவரும் மனைவி ஹேரியட்டும் 1846-ல் வழக்குப் போட்டார்கள்.

1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று எதிராகத் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது. பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்றார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. அதாவது குடியரசுக் கட்சி எதற்காகப் பிறந்ததோ அதுவே சட்டவிரோதம். தீர்ப்புச் சண்டையை முடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இனிப் பேச்சால் பயனில்லை என்று வடக்கில் பலரை அது நினைக்க வைத்தது. ஸ்காட் குடும்பம் அதே ஆண்டு வேறு வழியில் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அப்படியானால் வடக்கே எல்லோரும் கறுப்பின மக்கள்மேல் பரிவுள்ளவர்களா?

பெரும்பாலோர் இல்லை. புது நிலம் வெள்ளை உழவனுக்கு வேண்டும், அடிமை உழைப்போடு போட்டி போட முடியாது என்பதே பலருடைய கவலை. வில்மட்டே தன் நிபந்தனை வெள்ளைத் தொழிலாளிகளுக்காக என்று வெளிப்படையாகச் சொன்னார். இலினாய் 1853-ல் கறுப்பினத்தவர் குடியேறுவதையே தடுத்துச் சட்டம் போட்டது.

அடிமை வாழ்விலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் (செனட்டர் டக்ளஸ் வேறு), பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் கேரிசன் போல அடிமை முறையே பாவம் என்று எழுதியும் பேசியும் போராடியவர்கள் சிறுபான்மை. 'பரவக் கூடாது' என்ற கூட்டத்தையும் 'இருக்கவே கூடாது' என்ற கூட்டத்தையும் ஒன்றாக்கிப் படிக்கக் கூடாது. 1850-களில் முதல் கூட்டம் வளர்ந்ததால்தான் இரண்டாவது கூட்டத்தின் குரலுக்கும் இடம் கிடைத்தது.

தெற்கே பெரும்பாலான வெள்ளையரிடம் அடிமைகளே இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் சண்டைக்கு நின்றார்கள்?

அடிமை மாநிலங்களின் வெள்ளைக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம்தான் அடிமைகள் இருந்தார்கள். ஆனால் மற்றவர்களும் பண்ணையாருக்குத் தானியம் விற்றார்கள், கடன் வாங்கினார்கள், நாளைக்கு ஒரு ஆளை வாங்கலாம் என்று கனவு கண்டார்கள். மேற்கின் புது நிலம் அந்தக் கனவின் ஒரு பகுதி. எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற பெருமையும் இருந்தது. தெற்கு கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். விடுதலை வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தை அரசியல்வாதிகள் தினமும் ஊட்டினார்கள்.

இருக்கும் இடத்தில் தொட மாட்டேன் என்றுதான் லிங்கன் சொன்னார். பிறகு எதற்குப் பிரிந்தார்கள்?

1860 தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான லிங்கன் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் பிரதேசங்களில் விடமாட்டேன் என்பதில் அவர் அசையவில்லை. பருத்தி பற்றிய பதிலையும் செனட் பற்றிய பதிலையும் சேர்த்துப் பாருங்கள். விரியாத அடிமை முறை விலையிலும் ஓட்டிலும் மெல்லச் சுருங்கும். லிங்கனும் அதைத்தான் எதிர்பார்த்தார்; பிரிந்தவர்களுக்கும் அது தெரியும். 1859-ல் ஜான் பிரவுன், அடிமைகளைக் கிளர்ந்தெழ வைக்கும் நோக்கில், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியது வேறு அவர்களுடைய பயத்தை ஏற்றியிருந்தது.

1860-ல் ஜனநாயகக் கட்சியே பிரதேசக் கேள்வியில் இரண்டாக உடைந்தது. தெற்கின் பத்து மாநிலங்களில் ஓட்டே விழாமல், நாடு முழுவதும் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டோடு லிங்கன் வென்றார். தங்கள் ஓட்டு இல்லாமலே ஒரு ஜனாதிபதி வர முடியும் என்பதைத் தெற்கு கண்கூடாகப் பார்த்தது. டிசம்பர் 20-ல் தெற்கு கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது.

மாநில உரிமைக்காகத்தான் போர் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்களே?

பிரிந்தவர்கள் எழுதி வைத்ததையே படிக்கலாம். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பியின் அறிவிப்பு தொடக்கத்திலேயே சொல்கிறது. தெற்கு கரோலினாவின் அறிவிப்பு வடக்கு மாநிலங்கள்மேல் வைத்த பெரிய குற்றச்சாட்டு, அவை தப்பியோடியவர்களைத் திருப்பித் தராதபடி தங்கள் சொந்தச் சட்டங்களைப் போட்டன என்பது. அதாவது வடக்கு மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் புகார்.

1850 சட்டத்தில் மத்திய அரசின் கை நீள வேண்டும் என்று கேட்டதும் தெற்குதான். பிரிந்த மாநிலங்கள் தங்களுக்கென எழுதிய அரசியல் சட்டம், புதிதாகப் பெறும் எந்தப் பிரதேசத்திலும் அடிமை முறைக்குப் பாதுகாப்பு தந்தது.

கடைசி நேரத்தில் இன்னொரு சமரசம் செய்து தவிர்த்திருக்க முடியாதா?

முயன்றார்கள். 1860 டிசம்பரில் கென்டக்கியின் ஜான் கிரிட்டென்டன், 36-30 கோட்டை மறுபடி வரைந்து மேற்கே நீட்டலாம் என்றார். கோட்டுக்குத் தெற்கே, இப்போது இருக்கும் பிரதேசத்திலும் இனிமேல் பெறும் பிரதேசத்திலும் அடிமை முறைக்குப் பாதுகாப்பு. அந்த 'இனிமேல்' தான் முள். 1850-களில் வில்லியம் வாக்கர் என்பவர் சிறு படையோடு நிகராகுவாவைப் பிடித்து அங்கே அடிமை முறையை மறுபடி சட்டமாக்கியிருந்தார். கியூபாவை வாங்க அமெரிக்க அரசு பலமுறை முயன்றிருந்தது. இதற்கு இணங்கினால், ஓராண்டுக்குள் கியூபாவைச் சேர்த்தால்தான் ஒன்றியத்தில் இருப்போம் என்பார்கள் என்று லிங்கன் 1861 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் கணிப்பு சரி என்றே நானும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். யாருக்கு யார் செய்யும் சமரசம்? 1820, 1850, 1860 மூன்றிலும் விலை கொடுக்க வேண்டியிருந்த லட்சக்கணக்கானோருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

கடைசியில் அந்தப் பிரதேசங்கள் என்ன ஆயின?

தெற்கின் உறுப்பினர்கள் எழுந்து போனதும் காங்கிரஸில் கணக்கே மாறிவிட்டது. கன்சாஸ் 1861 ஜனவரியில் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது. 1862 மே மாதம் குடியேறிகளுக்கு இலவச நிலம் தரும் சட்டம் வந்தது. ஜூலை 1-ல் பசிபிக் ரயில் சட்டம். நடுவே ஜூன் 19-ல், இருக்கும் பிரதேசங்களிலும் இனி வரும் பிரதேசங்களிலும் அடிமை முறை கூடாது என்ற சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். டேனியின் தீர்ப்பு அப்போதும் ரத்தாகவில்லை. அதைக் காங்கிரஸ் பொருட்படுத்தவும் இல்லை.